பெட்டி ஆன் ஆகாத காலைகள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு சண்டிமாடு. நாலு பேர் பார்க்கிறபோது ஒழுங்காக நடக்கும். நமக்கு அவசரம் என்று தெரிந்தால் போதும், அப்படியே படுத்துக்கொள்ளும். மாடாக இருந்தாலாவது வாலை முறுக்கிப் பார்க்கலாம். இந்தச் சனியனை எங்கே பிடித்து முறுக்குவது என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

வேறு வீட்டில் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் படம் பார்க்க முடியாது, கரண்ட் பில் கட்ட முடியாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது ஓடவில்லை என்றால் என் வீட்டுக்காரரால் பேச முடியாது. தொண்டையில் வந்த கட்டிக்காகப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகப் போய் வருகிறது, பேச்சு வருவதில்லை. அப்புறம் ரேடியேஷன் என்று கரண்ட் வைத்தார்கள். அதில் கழுத்து விறைத்துப்போய், ஆமாம் என்று தலையை ஆட்டவும் முடியாது, இல்லை என்று ஆட்டவும் முடியாது. பேனா பிடித்தால் கை நடுங்கி எழுத்து கோழி கிளறினது போல வரும்.

பையன் சென்னையில் இருக்கிறான். அவன் நல்ல மனசோடுதான் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினான். அந்தக் கண்ணாடியில் இவர் விரல் வைத்தால் ஒரு எழுத்து விழ வேண்டிய இடத்தில் ஏழெட்டு விழும். இரண்டு நாள் பார்த்துவிட்டு அதை பீரோவுக்குள் தள்ளிவிட்டார். பழைய கம்ப்யூட்டர் அப்படி இல்லை. இவர் செராமிக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டால் நடுக்கம் அடங்கும். பழைய கீபோர்டின் பட்டனை ஓங்கிக் குத்தினால் ஸ்க்ரீனில் எழுத்து விழும். எனக்குக் கண்ணாடி போடாமல் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தாக வைத்திருந்தார். வாய் இருந்த காலத்திலேயே அதிகம் பேசாத மனுஷன்தான். நான்தான் வாயாடி. அவருக்கும் சேர்த்து நானே பேசி, நானே பதிலும் சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முதன்முதலாக அடித்தது என்ன தெரியுமா? "காபியில் சர்க்கரை இல்லை." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எமன் வாசல்வரை போய்த் திரும்பி வந்த மனுஷனுக்குச் சொல்வதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை பாருங்கள். சிரித்து முடித்து அடுப்படிக்குள் போய் அழுதேன்.

கோளாறு கோடையில் ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றும், பீப் பீப் என்று கத்தும், ஸ்க்ரீனில் ஒன்றும் வராது. மறுபடி அழுத்தினால் சில நாள் வரும், சில நாள் வராது. பாலக்கரையில் ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. அந்தத் தம்பி வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே வெள்ளையாகப் பவுடர் பூசினது போல இருந்தது.

"என்னாக்கா, மாவு மில்லு எதுனா வச்சிருக்கீங்களா?" என்றான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் பீங்கான் சாமான் செய்கிற செராமிக் பேட்டை. களிமண் தூள் காற்றில் வந்து துவைத்த துணி, மூடி வைத்த சோறு எல்லாவற்றிலும் படியும். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? அவன் பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போய் ஊதினான், உள்ளே இருந்த ஒரு சின்னப் பலகையைக் கழற்றி ரப்பர் வைத்து அழித்தான், பட்டன் செல் ஒன்றை மாற்றினான். பெட்டி திரும்பி வந்தது. முதல் அழுத்திலேயே ஆன் ஆயிற்று. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து "அப்பாடா" என்று அடித்தார். எனக்குப் பாயசம் வைக்கலாம் போல இருந்தது.

அந்த நிம்மதி அடுத்த செக்கப் வரைக்கும்தான். கட்டி மறுபடி வந்திருக்கிறது என்றார் டாக்டர். நரம்பில் மருந்து ஏற்றலாம், வயிற்றில் குழாய் போட வேண்டிவரும், கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். நான் அப்போதே சரி என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "அவரு சொல்லட்டும்மா. வற்புறுத்தாதீங்க. யோசிச்சு அவரே சொல்லட்டும், அப்புறம் வந்து சேருங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "என்னாங்க, போயி சேந்துடலாமா?"

அவர் மடியில் இரண்டு கையையும் வைத்து, விரலை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். கம்ப்யூட்டரில் சொல்கிறேன் என்று அர்த்தம். சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். தண்ணீர் வேண்டும், ஃபேனைப் போடு என்பதையெல்லாம் கையால் காட்டுவார். இது கையால் காட்டுகிற விஷயமா?

மறுநாள் காலையில் பெட்டி ஆன் ஆகவில்லை. கத்தவும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை. பொணம் மாதிரி கிடந்தது.

அன்றிலிருந்து என் உயிர் அந்தப் பட்டனில் தொங்கியது. அது ஆன் ஆனால்தான் இவர் அடிப்பார், இவர் சரி என்று அடித்தால்தான் நாங்கள் பாண்டிக்குப் போக முடியும், போனால்தான் இவர் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைப்பார். கட்டிக்கு நாள் நட்சத்திரமா தெரியும்? அது பாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்குமே. காலையில் எழுந்து வாசல் தெளிப்பதற்கு முன்னால் போய் அந்தப் பட்டனை அழுத்துவேன். என் வீட்டுக்காரர் எனக்கும் முன்னால் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெட்டி மேசைக்கு அடியில் அவர் காலருகே ஒரு பலகை மேல் இருக்கும். எனக்கு முழங்கால் வலி, மேசைக்கு அடியில் நுழைந்து பின்பக்கம் பார்க்க முடியாது. "பின்னாடி ஒயர் நல்லா மாட்டியிருக்குதான்னு பாருங்க" என்பேன். அவர் காலாலேயே தடவிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். ஒயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆன் ஆகிற நாளும் உண்டு. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரேயடியாகச் செத்துத் தொலைந்தால் வேறு வழி பார்ப்போம் அல்லவா? ஆன் ஆனதும் ஓடிப்போய்க் கேட்பேன். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அடிப்பார். இல்லையென்றால் "முருங்கைக்கீரை வாங்கு" என்பார். மறுநாள் பார்த்தால் பெட்டி படுத்திருக்கும்.

பையன் போனில் தினமும் கேட்பான், "அப்பா என்னம்மா சொன்னாரு?"

"உங்கப்பா சொல்றதுக்குத் தயாராத்தான் இருக்காரு. இந்த எழவெடுத்த பெட்டி வாயைத் தொறக்க மாட்டங்குது."

"புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பறேன்மா."

நான் போனை மூடிக்கொண்டு இவரிடம் கேட்டேன். இவர் வேண்டாம் என்று கையை வீசினார். பழைய பெட்டியைத் தொட்டுக் காட்டினார், இதுவே போதும் என்று. பழகின பொருள் மேல் மனுஷனுக்கு இத்தனை பிரியமா என்று நினைத்துக்கொண்டேன். புத்தி இருந்தால் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மெக்கானிக் தம்பி பாவம். நான்கைந்து தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். "ஒயரெல்லாம் வேணாங்க்கா, பெட்டி மட்டும் போதும்" என்று எடுத்துப் போவான். சாயங்காலம் போன் வரும்.

"அக்கா, காலையிலேர்ந்து போட்டுப் போட்டு அணைக்கறேன். ஒரு தடவ கூட மக்கர் பண்ணல. வூட்டுல என்னாதான் பண்றீங்க அதை?"

"மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன். வேற என்னா பண்ணுவாங்க?"

கடைசியில் வீட்டுக் கரண்டில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று அவனே டெஸ்டரோடு வந்தான். ஸ்விட்ச், பிளக், எர்த் எல்லாம் பார்த்தான். ஒயரையும் புதிதாக மாற்றினான். பட்டனை அழுத்தினான், ஆன் ஆயிற்று. அணைத்தான், மறுபடி ஆன் ஆயிற்று. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி கத்திட்டு நிக்கும். இப்ப சத்தமே வரலன்னு சொல்றீங்க. இது வேற வியாதிக்கா" என்று தலையைச் சொறிந்தான் அவன். "எனக்கே ஒண்ணும் புரியல."

நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பேட்டையில் செக்கிங்கில் வேலை பார்த்தவள் நான். சூளையிலிருந்து வருகிற பீங்கான் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. ணங் என்றால் நல்ல சரக்கு. டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், ஒதுக்கிவிட வேண்டியதுதான். தேங்காய், தண்ணீர்க் குடம், வாடகைக்குப் பார்க்கப்போன வீட்டுச் சுவர் என்று எதைப் பார்த்தாலும் தட்டுகிற புத்தி எனக்கு. பெட்டியையும் தட்டினேன். மேலே தட்டினேன், பக்கத்தில் தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன். திட்டிக்கொண்டே தட்டினேன், நடுநடுவே பட்டனையும் அழுத்தினேன். "பேசேன். அவருதான் பேச முடியாத பாவி, உனக்கு என்னா கேடு? உனக்கு நான் என்னா கொறை வச்சேன்?" அப்படித் திட்டித் திட்டி அழுகிற நிலைக்கு வந்த நேரத்தில் பொசுக்கென்று விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியது.

ஒரு தடவை இல்லை, பல தடவை இப்படி நடந்தது. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் தம்பி, "தட்டாதீங்கக்கா, உள்ள இருக்கறது கெட்டுப் பூடும்" என்று கெஞ்சினான்.

"நான் தட்டுனா ஆன் ஆவுதுடா. நீ தட்டாம ஆன் பண்ணிக் காட்டு, பாப்போம்" என்றேன். கைராசி என்றே நினைத்தேன். கர்வம்கூட வந்தது.

ஆனாலும் அவர் பதில் சொல்லவில்லை. ஆன் ஆனதும் ஏதோ இரண்டு வார்த்தை அடிப்பார், களைப்பாக இருக்கிறது என்று எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார். கழுத்துத் துணியில் ரத்தக் கறை தெரிய ஆரம்பித்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேரே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் யாருக்காவது அநியாயம் நடந்தால் போலீசுக்குப் போகிறார்களோ இல்லையோ, கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிடுவார்கள். குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, அங்கேயே இருக்கிற முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்தால் அவர் விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். நகையைத் திருடினவன், நிலத்தை வளைத்தவன், பெண்டாட்டியை விட்டு ஓடினவன் என்று எல்லார் மேலும் அங்கே பிராது தொங்கும். எழுதிக் கொடுக்கிற ஆள் கேட்டார், "யாரு மேலம்மா?"

"கம்ப்யூட்டர் மேல."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனுசங்க மேலதாம்மா எழுதுவாங்க."

"எங்க வூட்டுல பேசறது அதுதாங்க. தெனமும் ஆன் ஆவணும்னு எழுதுங்க" என்றேன். மனுஷர் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். வேலில் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலை. கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தேன். அடுப்படி வாசலில் நின்றால் மேசையின் அடிப்பக்கம் நேராகத் தெரியும். அங்கே அவருடைய கால் தெரிந்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பெட்டியின் பின்னால் இருக்கிற ஒயரைப் பிடித்து, பூப்பறிப்பது போல மெதுவாக இழுத்தார். அது கொஞ்சம் வெளியே வந்தது. காலை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

கஞ்சித் தட்டு கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

போய்ப் பட்டனை அழுத்தினேன். பெட்டி பிணமாகக் கிடந்தது. அவர் இரண்டு கையையும் விரித்து, என்ன செய்வது என்று காட்டினார். நான் எப்போதும்போலத் தட்டினேன், எப்போதும்போலத் திட்டினேன். கண் மட்டும் பெட்டியில் இல்லை, அவர் காலில் இருந்தது. திட்டத் திட்ட அழுகை வந்தது. பொய்யழுகைதான் அழலாம் என்று ஆரம்பித்தேன், நிஜமாகவே வந்துவிட்டது. அப்போது அந்தக் குதிகால் நகர்ந்தது. ஒயரை உள்ளே அழுத்தியது. பட்டனை அழுத்தினேன், விளக்கு எரிந்தது.

கைராசியாவது மண்ணாங்கட்டியாவது. ஒவ்வொரு தடவையும் நான் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இவர்தான் ஆன் செய்திருக்கிறார்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று கத்திவிட்டேன். சொல்லக் கூடாத வார்த்தை. அவரிடம் போய் அதைச் சொல்லலாமா? ஆனால் வாயில் வந்துவிட்டது, நிறுத்தவும் முடியவில்லை. "அந்தத் தம்பிய நாயா அலையவுட்டேனே! சாமிகிட்ட போயி பிராது கட்டுனேனே! மக்கர் பண்றது பெட்டின்னு நெனச்சு கட்டுனேன், பண்றது நீங்களா? வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த அடிக்கறதுக்கு உங்களுக்கு என்னா கேடு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டார். ஒவ்வொரு பட்டனாகக் குத்தினார்.

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் என்னா, சிரிக்கறேனா?"

அவர் அந்த வரிக்குக் கீழே "வேண்டாம்" என்று அடித்தார்.

அவ்வளவு பெரிய எழுத்தாக வைத்திருக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தது.

"அதை அழிங்க" என்றேன். அவர் அழிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். எனக்காகவாவது போகலாமே என்று கேட்கிற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஒயரை இழுத்து இழுத்து இத்தனை நாள் இந்த மனுஷன் என்னிடம் வேண்டாம் என்பதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்? கேட்காமல் விட்டுவிட்டேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது, சுடவைத்து எடுத்து வந்தேன். பாதி குடித்தார்.

மதியம் பையன் கூப்பிட்டான்.

"அப்பா சொல்லிட்டாருடா தம்பி."

"என்னம்மா சொன்னாரு?"

"நீ கெளம்பி வா. வந்து நீயே பாரு. இன்னும் ஸ்க்ரீன்லதான் இருக்குது."

அவன் வந்தான், பார்த்தான், அப்பாவோடு சண்டை போட்டான், அழுதான், லீவு முடிந்து போய்விட்டான். மெக்கானிக் தம்பிக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "பாத்தீங்களாக்கா, புது ஒயர் மாத்துனதுதான்" என்று சந்தோஷப்பட்டான். அப்படியே இருக்கட்டும்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. மறைக்க ஒன்றும் இல்லாததால் அந்த மனுஷன் என்னவெல்லாம் அடித்தார்! ரசத்தில் புளி அதிகம் என்றார். என் தம்பி கல்யாணத்தில் நான் கட்டியிருந்த புடவை நன்றாக இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்துச் சொன்னார். அப்போது சொல்வதற்கென்ன என்று சண்டை போட்டேன். பிறகு வார்த்தை குறைந்தது. ஒரு வார்த்தை அடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. கடைசி எழுத்தை நானே ஊகித்துக்கொள்வேன். அப்புறம் மேசைக்கு வருவதே நின்றுபோயிற்று. கட்டிலில் இருந்தபடி ஸ்க்ரீன் பக்கம் கண்ணைக் காட்டுவார். ஏதோ சொல்ல நினைக்கிறார் என்று மட்டும் தெரியும். நானும் போய் ஆன் செய்துவிட்டு நிற்பேன்.

இப்போதெல்லாம் பெட்டி முதல் அழுத்திலேயே ஆன் ஆகிவிடுகிறது. அவரை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் தூக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.